மேற்கு முனையில் ஒரு விளக்கு

“விளக்கு தெரியுதுக்கா. நம்ம வீட்டு விளக்குதான்” என்று ரேடியோவில் டெல்பர்ட் சொன்னான்.

எட்னா மைக்கைக் கையில் பிடித்தபடியே எழுந்து, அதன் சுருள்கம்பி இழுபடும் தூரம்வரை நடந்துபோய், சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசல் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. எரிவதற்கு வழியும் இல்லை. செப்டம்பரில் இந்த வீட்டைச் சறுக்குக் கட்டைகளின்மேல் ஏற்றி, தீவின் மேற்கு முனையிலிருந்து ஊரின் நடுவுக்கு இழுத்து வந்தபோது அறுத்துவிட்ட மின்கம்பியை ஒப்பந்தக்காரர்கள் பாதிதான் சேர்த்தார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது, வாசலுக்கு வரவில்லை. அதைப் பற்றி மூன்று முறை தொலைபேசியில் கேட்டாயிற்று. முதல் முறை, உதிரிப் பாகம் வரவேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, பாகம் வந்துவிட்டது, விமானம் இறங்கத்தான் வானிலை சரியில்லை என்றார்கள். மூன்றாம் முறை பேசிய பெண், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று சொல்லிவிட்டு, எட்னா வாயைத் திறப்பதற்குள் பாட்டைப் போட்டுவிட்டாள்.

எட்னாவிடம் இல்லாத ஒன்றுக்கு நன்றி. அவளிடம் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த செய்தி.

“எந்த விளக்குடா?” என்று மைக்கின் பொத்தானை அழுத்திக் கேட்டாள். “இங்க வாசல்ல விளக்கு எரியவே இல்லியே.”

“எரியுதே. மஞ்சளா, நல்லா எரியுது. நீ வெளிய வந்து பாரு” என்றது தம்பியின் குரல். அதற்குப் பின்னால் வண்டியின் உறுமலும், உறுமலுக்குப் பின்னால் காற்றும் கேட்டன.

மாலை ஆறு மணி. நவம்பர் மாதத்துச் சூரியன் தலைகாட்டும் சில மணி நேரம் முடிந்து, ஊர் இருட்டுக்குள் போய்விட்டிருந்தது. வட துருவத்தை ஒட்டிய இந்தச் சுக்சிக் கடலோரத்துத் தீவில் இந்த மாதத்தில் பெய்ய வேண்டியது பொடிப்பனி. சுவரில் மணலைப் போல உரசிக்கொண்டு, காய்ந்த ஒலியோடு, மணமே இல்லாமல் பெய்ய வேண்டும். பெய்துகொண்டிருந்ததோ மழை. ஈரத் துணியால் அடிப்பதுபோலத் தகரக் கூரையில் அறைந்து, சன்னல் விளிம்பின் வழியே உள்ளே கசிந்து, அடுப்பெண்ணெய் நாற்றத்தோடும் ஈரத் தோலின் நாற்றத்தோடும் கலந்து, வீட்டையே ஒரு நோயாளியின் அறையாக மாற்றிக்கொண்டிருந்த மழை. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று வெதுவெதுப்பாக இருந்தது. வடக்கே கடல், அக்டோபரிலேயே உறைந்து கரைக்கு மதிலாக நின்றிருக்க வேண்டிய அந்தக் கடல் இன்னும் கூழாகக் கொழகொழத்து, கரையைத் தின்றுகொண்டிருந்தது. தெற்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலிருந்த காயல் மட்டும் மூன்று வாரத் தாமதத்துக்குப் பிறகு ஒருவழியாக உறைந்திருந்தது. அந்தக் காயலின்மேல்தான் டெல்பர்ட் இப்போது பனிவண்டியில் வந்துகொண்டிருந்தான்.

அவனை அனுப்பியவளும் அவள்தான். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் நன்றி நாள் விருந்து. உறைமண்ணுக்குள் தோண்டிய அவர்களுடைய இறைச்சிக் குழியில் ஜூலையிலேயே தண்ணீர் ஊறி, உள்ளிருந்ததெல்லாம் அழுகிப்போயிற்று. மிச்சமிருப்பது, அக்டோபரில் சுட்டு அக்கரைக் குடிலில் தொங்கவிட்டிருந்த கலைமான் கறி மட்டுமே. “எல்லா வருஷமும் நம்ம வீட்டுக் கறிய ஊரு தின்னுச்சு. இந்த வருஷம் கைய வீசிக்கிட்டுப் போயி நிக்கணுமா?” என்று மூன்று நாளாகக் குத்திக்காட்டினாள். டெல்பர்ட் இன்று காலை இரும்புமுனைக் கழியால் காயலைக் குத்திப் பார்த்துவிட்டு, “நாலு விரக்கடை இருக்கு, தாங்கும்” என்று கிளம்பினான். புயல் நாளைக்குத்தான் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது.

“பள்ளிக்கூடத்து விளக்கு எங்க இருக்கு உனக்கு?” என்று கேட்டாள்.

“நீ சொன்னபடியே வலது தோளுக்கு நேரா. காத்து இடது முதுகுல. அப்பப்ப தண்ணி தெறிக்குது, அவ்வளவுதான்.”

நீ சொன்னபடியே. அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும், எட்னா தான் சொன்ன வழியை மனதுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

யாராவது வெளியே மாட்டிக்கொண்டால், வீட்டிலிருப்பவர் ஒருவர் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து, அவர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே இருப்பது அந்த ஊரின் வழக்கம். கண் தெரியாத புயலிலும் காது திறந்திருக்கும்; குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். எட்னா பதினாறு வயதிலிருந்து இந்தச் சமையலறையில் உட்கார்ந்து ஆட்களைக் கரைசேர்த்திருக்கிறாள். வழி அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூட விளக்கு வலது தோளில், காற்று இடது முதுகில், நம் விளக்கு தெரியும்வரை வா, தெரிந்தால் நேரே வா. முப்பது ஆண்டாக நாக்கில் பழகிய அந்த வழியைத்தான் இந்த முக்கால் மணி நேரமாகத் தம்பிக்கும் ஓதிக்கொண்டிருந்தாள். வாய் ஓதியது, புத்தி அடுப்பிலிருந்த குழம்பின்மேல் இருந்தது.

அது பழைய வீட்டுக்கு வழி.

வீட்டைத்தான் நடுவூருக்கு இழுத்து வந்தார்கள். வழியை இழுத்துவரவில்லை. வீடு இருந்த மேற்கு முனையை அக்டோபர்ப் புயல் ஒரே இரவில் அறுத்துக்கொண்டு போயிற்று. அங்கே இப்போது தரை இல்லை. கடலும் காயலும் ஒன்றாகி, நீரோட்டம் சுழித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த பனித்தளம் காகிதம்போல இருந்தது.

“டெல்பர்ட், நில்லு. வண்டிய நிறுத்து” என்றாள். “நான் தப்பா சொல்லிட்டேன். நான் சொன்னது பழைய வீட்டு வழி. திரும்பி, பள்ளிக்கூட விளக்கப் பாத்து நேரா வா. கேக்குதா?”

வண்டியின் உறுமல் குறையவே இல்லை.

“என்ன பழைய வீடு?” என்றான்.

“உனக்கு மூளை விறைச்சுப்போச்சா? மேக்கு முனையில இருந்த வீடு. நீதானடா முன்னால நின்னு சங்கிலி கட்டினே. சறுக்குக் கட்டை உருண்டு கால்ல விழுந்து ரெண்டு வாரம் நொண்டினியே. அதுக்குள்ள மறந்துட்டியா?”

அவன் சிரித்தான். சின்ன வயதில் திட்டு வாங்கும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. “கத்தாதேக்கா. ஊரே கேக்குது.”

ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு ரேடியோ, எல்லாம் ஒரே அலைவரிசை. கிறுகிறுவென்ற ஒலிக்குப் பிறகு பெரியப்பா மகன் பெர்சியின் குரல் குறுக்கே வந்தது. ஊர் மீட்புக் குழுவை நடத்துபவன் அவன். அகலமான, நிதானமான, எப்போதும் எதையோ மென்றுகொண்டே பேசுகிற மனிதன்.

“எட்னா, பெர்சி பேசுறேன். பையன் எங்க போறான்?”

“மேக்கு முனைக்குப் போறான் அண்ணே. என் தப்புதான். சொன்னா நிக்க மாட்டேங்கிறான்.”

“குளிர் ஏறிடுச்சு, அதான் உளர்றான். நாங்க மூணு வண்டியில கிளம்புறோம். ஹெலிகாப்டர் கேட்டேன். காத்து குறைஞ்சா நாளைக்கு மத்தியானம் பாக்கலாமாம்.”

“நாளைக்கு மத்தியானம் யார எடுக்க வர்றாங்களாம்?”

“அதத்தான் நானும் கேட்டேன். படிவம் அனுப்புறேன்னாங்க.”

“அண்ணே, முனைப்பக்கம் பனி சுத்தமா தாங்காது. பாத்து.”

“எனக்கே சொல்றியா? அந்த முனை போறப்ப இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நின்னவன் நான். நீ பேச்ச விடாதே. டேய் டெல்பர்ட், ஒரு தொடைக்கறி எனக்கு. மறந்துட்டேன்னு சொன்னே, அப்படியே தண்ணிக்குள்ள தள்ளிருவேன்.”

டெல்பர்ட் மறுபடியும் சிரித்தான். ஆனால் நிற்கவில்லை. உறுமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்னா பேசினாள். கெஞ்சினாள், மிரட்டினாள், இறைச்சியைச் சொன்னாள், இறந்துபோன தாயைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவன் “சரிக்கா” என்றான். “திரும்பிட்டியா?” என்று கேட்டால், “எதுக்குத் திரும்பணும்? வீடு இதோ இருக்கு” என்றான். சுவரோடு பேசுவதுபோல. அலுவலகத்துப் பெண்ணோடு பேசுவதுபோல. யாரிடமும் எதையும் ஒரு முறை சொல்லிப் புரியவைக்க முடியாத இந்த ஆண்டின் ஆத்திரமெல்லாம், மூழ்கிய இறைச்சிக் குழி, எரியாத விளக்கு, அரித்துப்போகும் கரையை அளக்க வந்து அளந்துவிட்டுப் போன ஐந்து குழுக்கள், உறைய மறந்த கடல், எல்லாம் திரண்டு அவள் தொண்டைக்கு ஏறின.

“செத்துத் தொலையப் போறேடா முட்டாளே!” என்று கத்தினாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

உறுமல் நின்றிருந்தது.

ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்டுவிட்டான், நிறுத்திவிட்டான் என்று. பிறகுதான் நின்றது வண்டி மட்டுமல்ல என்று உணர்ந்தாள். டெல்பர்ட்டின் பக்கமிருந்து காற்றும் கேட்கவில்லை. மழையும் கேட்கவில்லை. நான்கு சுவருக்குள் இருப்பவனின் மூச்சுபோல அவன் மூச்சு அருகில் கேட்டது.

“வந்து சேந்துட்டேன்” என்றான். “கதவு தெறந்துதான் இருந்துச்சு.”

புயல் நாளில் அந்த ஊரில் ஒருவரும் கதவைத் தாழிடுவதில்லை. வழி தவறி வருபவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். எட்னா தன் வீட்டு நுழைவறைப் பக்கம் தலையை மெல்லத் திருப்பினாள். கதவு சாத்தியிருந்தது. பலகைத் தரையில் ஈரம் இல்லை. யாரும் இல்லை.

ரேடியோவில் காலணிகளைத் தரையில் தட்டிப் பனியை உதறும் ஒலி கேட்டது. இரண்டு தட்டு, ஒரு தட்டு. அவன் எப்போதும் அப்படித்தான் தட்டுவான்.

“டெல்பர்ட்” என்றாள், இப்போது கத்தாமல். “நீ எங்க இருக்கே?”

“வீட்டுலதான். உன் நீல அங்கி ஆணியில தொங்குது. ஒரு கை உள்பக்கமா மடிஞ்சிருக்கு.”

அவள் அங்கியைப் பார்த்தாள். ஆணியில் தொங்கியது. இடது கை உள்பக்கமாக மடிந்திருந்தது.

“குழம்பு பொங்குதுக்கா.”

அடுப்பிலிருந்து சீறல் வந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு குழம்பு வழிந்து, கொழுப்பு கருகும் நாற்றம் அறை முழுவதும் பரவிற்று. எட்னா மேசையைவிட்டு எழவில்லை.

“எதுக்கு எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?” என்றான் டெல்பர்ட். “வந்தவனப் பாக்கக்கூட மாட்டியா?”

கூரையில் மழை. சன்னலில் மழை. பிடரியில் ஓர் ஈரக் காற்று, உப்பு வாடையோடு.

திரும்பினாள்.

யாருமில்லை. சாத்திய கதவு. காய்ந்த பலகைகள். எரியும் குண்டுபல்பு.

ரேடியோவில் தம்பி நிம்மதியாக மூச்சு விட்டான்.

“திரும்பிட்டா” என்றான். வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். பிறகு, “பெர்சி அண்ணே, அக்கா என்னை அப்பான்னு கூப்பிடுறா. கோவம் போயிடுச்சு.”

எட்னா வாயைத் திறந்திருக்கவில்லை.

டெல்பர்ட் பிறப்பதற்கு நாற்பது நாள் முன்னால் நாசுக் என்ற அவர்களுடைய தந்தை இதே காயலில் மூழ்கிப்போனார். குழந்தைக்கு டெல்பர்ட் என்பதோடு, தங்கள் மொழியில் அவர் பெயரையும் வைத்தார்கள். பெயரோடு ஆளும் திரும்பி வந்துவிடுகிறார் என்பது ஊர் நம்பிக்கை என்பதால், பன்னிரண்டு வயது எட்னா தொட்டிலில் கிடந்த தம்பியை அப்பா என்று அழைத்தாள். உலகத்தில் அவனை அப்படி அழைக்க உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான். கோபமில்லாத நேரங்களில் மட்டும் அழைப்பாள். இந்த ஆண்டு ஒருமுறையும் அழைக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அது நான் இல்லடா” என்றாள். “அப்பா. இங்க பாரு. அப்பா. நான் இங்க இருக்கேன். உன்கூடப் பேசிக்கிட்டிருக்கிறவதான் நான்.”

“நீ இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்கே” என்று டெல்பர்ட் வருத்தத்தோடு சொன்னான். “இவ கத்தல. டீ ஊத்திக் குடுத்தா.”

“குடிக்காதே.”

“குடிச்சிட்டேன். தரைதான் ஈரமா இருக்கு. பரவால்ல, வெதுவெதுன்னு இருக்கு. முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு.” தண்ணீரில் ஏதோ மிதந்து மேசைக்காலில் மோதும் ஒலி. “மைக்கக் கேக்குறாக்கா. குடுத்துடுறேன். மத்தவங்களும் வரணும்ல.”

கிளிக்.

அவன் போய்விட்டான். அதை அவள் அறிந்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. அழுவதற்கு நேரமும் இல்லை. தெற்குச் சன்னலில் மூன்று முகப்பு விளக்குகள் காயலின்மேல் இறங்கிக்கொண்டிருந்தன. பெர்சியும் இன்னும் இருவரும். மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, எட்ட எட்ட, கவனமாகப் போயின. பெர்சி அப்படித்தான் போவான்.

“எட்னா, பெர்சி. நாங்க இறங்கிட்டோம். மழையில ஒண்ணும் தெரியல. பையன் என்ன சொல்றான்? கடைசியா எங்க இருந்தான்?”

எட்னா பொத்தானை அழுத்தினாள். “அண்ணே, திரும்பிடுங்க. அவன் போயிட்டான். மேக்கால போகாதீங்க.” விரலை எடுத்தாள்.

ரேடியோவில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

“...வந்து சேந்துட்டான் அண்ணே. இங்கதான் உக்காந்து டீ குடிக்கிறான். நல்லா இருக்கான். நீங்க பயப்படாம வாங்க.”

அது எட்னாவின் குரல். கட்டையான, மூக்கால் பேசுகிற, வாக்கியத்தின் கடைசியைத் தின்றுவிடுகிற குரல். ஒன்று மட்டுமே குறைந்தது. எரிச்சல் இல்லை. நாற்பத்தாறு வயதுவரை அவள் ஒரு நாளும் பேசியறியாத அளவு பொறுமையோடு அது பேசிற்று.

“அப்படியா? நல்லதாப்போச்சு” என்றான் பெர்சி. “பனி தாங்குமா?”

“நல்லாத் தாங்கும். பள்ளிக்கூட விளக்க வலது தோளுக்கு வச்சுக்கோங்க. காத்து இடது முதுகுல.”

எட்னா அழுத்தினாள். கத்தினாள். ஒரே நேரத்தில் இருவர் பேசினால் வலுவான குரல்தான் கேட்கும். மற்றது அதன் அடியில் அமுங்கிவிடும். விரலை எடுத்தபோது, அவள் கத்தியது யாருக்கும் கேட்டதாகவே தெரியவில்லை. பெர்சி ஏதோ மென்றுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தான்.

“மேக்கு முனை போச்சு! அண்ணே, நீங்கதானே கயிறு கட்டி நின்னீங்க!”

“அண்ணே, அவசரமே இல்ல” என்றது அவளுடைய குரல். “மெதுவா வாங்க. விளக்கு போட்டு வச்சிருக்கேன்.”

மைக்கை எறிந்தாள். கைவிளக்கை எடுத்துக்கொண்டு, அங்கியை மாட்டாமல் மழைக்குள் ஓடினாள்.

கால் புதைந்தது. தெரு முழுக்க நீரூறிய பனி. வீடுகள் வரிசையாக, தாழ்வாக, மஞ்சள் சன்னல்களோடு நின்றன. ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலிருந்தும் அவளுடைய குரல் வந்தது. முதல் வீட்டில், “வாங்க.” இரண்டாம் வீட்டில், “நேரா வாங்க.” எல்லாச் சமையலறையிலும் ஒரே சொல், ஒரே கணத்தில், ஒரே கனிவோடு. ஊர் சோற்றின் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. எட்னா நன்றாகப் பேசுகிறாள், எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று.

மூன்றாம் வீடு ஹார்வியுடையது. மின் நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்த மனிதர். அவளுக்குச் சித்தப்பா முறை. கதவைக் கையால் அறைந்தாள்.

“சித்தப்பா! வெளிய வாங்க! அது நான் இல்ல. ரேடியோவுல பேசுறது நான் இல்ல. உங்க துப்பாக்கிய எடுத்து வானத்தப் பாத்துச் சுடுங்க, அவங்க திரும்பட்டும்!”

கதவு திறந்தது. உள்ளே வெளிச்சம், காய்ந்த மீனின் மணம். ஹார்வி கையில் கரண்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால், அலமாரியின்மேல், ரேடியோ எட்னாவின் குரலில் அமைதியாக வழி சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசலில் நிற்பவளைப் பார்த்தார். அங்கி இல்லாமல், தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, வாய் கோணிப்போய் நிற்பவளை. மீண்டும் ரேடியோவை. ஓரடி பின்வாங்கினார்.

“எட்னா வீட்டுல இருக்கா” என்று மெல்லச் சொன்னார். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

“சித்தப்பா, நான்தான்.”

“நீ போயிடு. இங்க யாரும் உன்னக் கூப்பிடல.”

கதவைச் சாத்தினார். உள்ளே ஏதோ துருப்பிடித்த இரும்பு, வெகு காலம் அசையாத ஒன்று, கிரீச்சிட்டு நகர்ந்தது. தாழ்ப்பாள். சற்றுப் பொறுத்து அடுத்த வீட்டிலும் அதே ஒலி. அதற்கடுத்த வீட்டில். தெரு நெடுகிலும்.

எட்னா காயற்கரைக்கு ஓடினாள். கைவிளக்கைத் தலைக்குமேல் உயர்த்தி ஆட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அவள் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது.

வெகு தூரத்தில் மூன்று முகப்பு விளக்குகள். ஒரே வரிசை. முதலாவது மேற்கே திரும்பியது.

அப்போதுதான் அவளும் அதைப் பார்த்தாள். தரை முடிந்த இடத்துக்கு அப்பால், கறுப்புக் கூழ் ஏறி இறங்கும் இடத்தில், ஒரு விளக்கு. மஞ்சளாக. அசையாமல். அதன் கீழே திறந்த கதவு. கதவில் இரண்டு உருவங்கள். ஒன்று உயரம், அங்கி முக்காட்டின் மயிர் விளிம்பிலிருந்து நீர் ஒழுக. மற்றொன்று அதன் தோளில் அன்போடு கைவைத்து, மறு கையை வரச்சொல்லி உயர்த்தியிருந்தது. அந்தக் கையை எட்னா அறிவாள். இப்போது கைவிளக்கை ஆட்டிக்கொண்டிருந்த அதே கை.

முதல் வண்டியின் விளக்கு அணைந்தது. ஒலியே இல்லை.

இரண்டாவது அதே இடத்துக்குப் போயிற்று. அணைந்தது.

மூன்றாவது நின்றது. பாதி வழியில். அதன் ஒளி ஊர்ப்பக்கம் அரைவட்டமாகத் திரும்பி, கரையைத் துழாவி, எட்னாவின் மேல் பட்டது. அவள் இரண்டு கைகளையும் வீசினாள். வா, இங்கே, இங்கே.

அவளுக்குப் பின்னால், தாழிட்ட எல்லா வீடுகளின் சுவர்களிலிருந்தும், அவளுடைய குரல் அந்த மூன்றாமவனின் பெயரைச் சொல்லி, மிகுந்த பொறுமையோடு, ஒரு முறை அழைத்தது.

ஒளி அவளைவிட்டு நகர்ந்தது. மெல்ல. மேற்கே.